பூஜ்யம் யூனிட்

புதுப்பாளையத்தில் மாடி வீடு.
மொட்டைமாடிக்குத் தனியாகப் பேச்சு:
துணி காயலாம், வடாம் காயலாம்,
ஆணி அடிக்கக் கூடாது.
செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை
வீட்டுக்காரி தனபாக்கியம்.
அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள் நான்.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது கேட்,
அதில் பாதிக்கு நாய்.
மீட்டர் பெட்டியைத் தேடிப் போனால்
பக்கத்தில் ஏதோ ஒன்று பூத்திருக்கும்.
வண்டிப்பாளையத்தில் சுவர் உயரத்துக்கு இட்லிப்பூ.
பாதிரிக்குப்பத்தில் குழாயடிச் சேற்றில்
யாரும் வைக்காத அந்திமந்தாரை.
அடுத்தவர் யூனிட்டையே எழுதி எழுதி
எனக்கென்று ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

ஆனி மாதம், ஒலிபெருக்கி கட்டிய செடி வண்டி.
மூன்று மொட்டோடு ஒரு ரோஜாவைத்
தூக்கிக் காட்டினான் பையன்.
விழுந்தேன்.
மல்லியும் ஒன்று, பேரம் பேசாமல்.
பெயிண்ட் பக்கெட்டில் ஓட்டை போட
ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சினேன்.
கேப்பர் மலைச் செம்மண் மூட்டை அறுபது ரூபாய்.
சாணம் ஓசி. மாடு எதிர்வீட்டுடையது.

ஒரு வாரத்தில் இரண்டு மொட்டு உதிர்ந்தது.
மூன்றாவது, என்ன ஆச்சு என்று நான் தொட்டதும்.

ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீர்
வீணாகிறதே என்று ஊற்றிவந்தேன்.
மண்மேல் வெள்ளையாய்ப் பொரிந்தது உப்பு.
கடல் இருக்கிற ஊரில்
மாடிமேல் இரண்டு பக்கெட் உப்பளம்.
மல்லிக்கு டீத்தூள் போட்டேன், அலசாமல்,
சர்க்கரையோடு.
எறும்புகள் நன்றாக வளர்ந்தன.

நோட்டில் எழுதினேன்:
முந்தைய ரீடிங் மூன்று.
இப்போதைய ரீடிங் பூஜ்யம்.

செம்மண்டலத்தில் பூட்டிய வீடு ஒன்று.
'அ. ஞானசிகாமணி' என்ற பலகையில்
துரு ஏறி 'சிகா' மட்டும் தெரியும்.
மூன்று முறையும் 'டோர் லாக்' என்றே பதிந்திருக்கிறேன்.
கேட்டுக்கு வெளியிலிருந்தே தெரிகிற மீட்டர்
அசையவே இல்லை.
தண்ணீர் ஊற்ற ஆளில்லை, விளக்குப் போட ஆளில்லை,
மதிலைத் தாண்டிக் கொட்டிக்கிடக்கிறது நந்தியாவட்டை,
அத்தனை வெள்ளை, பூஜ்யம் யூனிட்டில்.

ஆவணியில் ஒரு மத்தியானம், தெருவில் யாருமில்லை.
எட்டி ஒரு கிளையை முறுக்கினேன்.
ஒடிந்தது, ஆனால் நார் விடவில்லை.
கத்தி இல்லை.
அரசாங்க வேலை, அடையாள அட்டை, நாற்பத்தொரு வயது,
பல்லால் கடித்தேன்.
பால்!
கசப்பு, சாயங்காலம் வரை காறித் துப்பினேன்.

ரோஜா போன பக்கெட்டில்
மண்ணை மாற்றி நட்டேன்.
ஐப்பசி மழையில் மாடி ஒழுகுவதாக
தனபாக்கியம் படியேறி வந்து
பக்கெட்டை எண்ணிவிட்டுப் போனாள்.
இரண்டைத்தான் எண்ணினாள். ஐந்து முறை எண்ணினாள்.
அன்றிரவு சிப்காட் காற்று வேறு,
மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்
நானும் நான்கு இலைகளும்.

மாசி பிறந்து ஒரு புதன்கிழமை,
பல் விளக்க மாடிக்குப் போனவள்
பிரஷ்ஷை வாயிலேயே மறந்தேன்.
ஒன்றே ஒன்று.
காற்றாடி மாதிரி இதழ் திருகி,
என் உள்ளங்கையைவிடச் சின்னது.
சாமிக்கு வைக்க நினைத்தேன்.
மனசு வரவில்லை.
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு
வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்குச் செம்மண்டலம் முறை.
கேட் திறந்திருந்தது.
மெலிந்த ஒரு மனிதர், கையில் குழாய்,
மதிலோரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஷார்ஜாவில் பையன்கிட்ட இருந்தேன்மா" என்றார்.
"இங்க பாருங்க,
எந்த ஆடோ கடிச்சிருக்கு.
ஆனா ஆடு இத வாயில வைக்காதே,
கசக்குமே."

"ஆமா சார், பயங்கரக் கசப்பு"
என்று சொல்லி முடித்த பிறகுதான்
கேட்டது எனக்கு.

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு கொஞ்சம் கீழே, அட்டையைப் பார்த்தார்.

நான் மீட்டர் பக்கம் குனிந்து
"பதினாலு யூனிட் சார்" என்றேன்,
தெருவுக்கே கேட்கும்படி.